மாவு தூவிப் பார்த்தவர்

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை, மற்ற பெயர்களையும் மாற்றிவிட்டேன். மகள் இதே ஊரில் இருக்கிறாள், கண்ணில் பட்டால் வருத்தப்படுவாள். மந்தைவெளியில் ஒரே வாசலுக்குள் ஆறு குடித்தனங்கள் இருந்த ஸ்டோர் ஒன்றில், தொண்ணூற்றொன்றிலிருந்து நாங்கள் எதிரெதிர் வீட்டில் இருந்தோம். மின்வாரியத்தில் வேலை என்பதால் ஸ்டோரில் எல்லோருக்கும் அவர் லைன்மேன். எனக்கு அண்ணா.

நாங்கள் குடி போன வாரத்திலேயே பக்கத்துப் போர்ஷன்காரர்கள் என்னை எச்சரித்துவிட்டார்கள். விளக்கு வைத்த பிறகு கிணற்றடிக் குழாயைத் தொடாதே, எப்போதோ கிணற்றில் விழுந்த பெண் ஒருத்தி கையைப் பிடிப்பாள் என்றார்கள். நான் சிரித்துவிட்டு அன்று சாயங்காலமே போய்த் தொட்டேன். முழங்கை வரை ஏதோ இழுத்தது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

மறுநாள் விடிந்ததும் அண்ணா கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். காக்கி நிக்கர், சட்டைப் பையில் டெஸ்டர், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். மூலைப் போர்ஷன் அம்மாள், சில்லென்று ஒரு கை, அதில் வளையல் வேறு என்றாள். எத்தனை வளையல் என்று கேட்டார். அவள் உள்ளே போய்விட்டாள். என் முறை வந்தது.

"இன்னா பாத்த தங்கச்சி?"

"ஒண்ணும் பாக்கலை. கை மட்டும் சுருக்குன்னு இழுத்தது."

அவர் முகம் மலர்ந்த விதம் இன்னும் நினைவிருக்கிறது. ஸ்டோர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "இப்படிச் சொல்லணும். பாத்ததைப் பாத்தேன், பாக்காததைப் பாக்கல. இந்தப் பொண்ணு சொன்னா நம்பலாம்."

கிணற்றுக்கு மேலே தொங்கிய பல்புக்குப் போகும் ஒயர், தோல் உரிந்து குழாயில் உரசிக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்டால்தான் அதில் மின்சாரம் ஓடும். அதனால்தான் அந்தப் பெண் விளக்கு வைத்த பிறகு மட்டும் வந்தாள். அரை மணி நேரத்தில் டேப் சுற்றிச் சரிசெய்துவிட்டு, குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்துக் காட்டினார்.

இதுதான் அவருடைய குணம். பேய், பிசாசு, மோகினி, நள்ளிரவுக் கொலுசு என்று எங்கே பேச்சு எழுந்தாலும் அவர் காதுக்கு வந்துவிடும். வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கச்சேரி ரோடு பக்கம் ஓட்டு வீடு ஒன்றில் மச்சில் யாரோ நடக்கிறார்கள் என்று குடியிருந்தவர்கள் காலி செய்யத் தயாரானபோது, இரண்டு படி அரிசி மாவைச் சலித்துத் தரையெங்கும் தூவிவிட்டு வந்தார். காலையில் போய்ப் பார்த்தால் மாவில் மரநாயின் கால் தடம், குட்டிகளோடு. அந்த வீட்டுக்காரர்கள் அவரை நிற்கவைத்துக் காபி கொடுத்தார்களாம். அன்றிலிருந்து எங்கே போனாலும் சைக்கிள் கேரியரில் ஒரு டப்பா மாவு இருக்கும்.

இவ்வளவு சந்தேகப்படுகிறவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சாந்தோமுக்குப் பூசைக்குப் போவார். தெருமுனைத் தையற்கடை பாய் அவருக்கு நெருங்கிய சிநேகிதர். என் ரவிக்கையைக் கொடுக்கப் போயிருந்த ஒரு நாள் பாய் அவரைச் சீண்டிக்கொண்டிருந்தார். அடுத்தவன் வீட்டுப் பேய்க்கு மாவு தூவுகிறாய், செத்தவர் மூன்றாம் நாள் எழுந்தார் என்பதை மட்டும் எப்படி நம்புகிறாய், நீ பார்த்தாயா என்று கேட்டார்.

அண்ணாவுக்குக் கோபம் வரவில்லை. பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டுவிட்டுச் சொன்னார்: "நான் பாக்கல பாய். ஏசுவோட சீடரு தோமையார் பாத்தாரு. மத்தவங்க அத்தனை பேரும் சொல்லியும் நம்பாத ஆளு அவரு. காயத்துல விரல் வுட்டுப் பாத்தாத்தான் ஆச்சுன்னாரு. அப்படிப்பட்ட ஆளு கடல் தாண்டி நம்மூருக்கு வந்து, ஆமா பாத்தேன்னு சொல்லிட்டு உயிரையும் வுட்டாரு. எனக்கும் சேத்துதான் அவரு தொட்டுப் பாத்தாரு. அந்தச் சாட்சிய நம்பாம இன்னா பண்றது?"

பாய் மிஷினை மிதித்தார். சந்தேகப்படுகிறவன் சாட்சி சொன்னால் அதற்கு எடை அதிகம் என்ற எண்ணம் அன்றைக்கு எனக்கும் பிடித்திருந்தது.

அவர் கேலிக்காரர் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது. ஊரூர் குப்பத்தில் உடைந்த பாலத்தருகே கடலிலிருந்து ஒரு பெண் எழுந்து வருகிறாள், இடுப்புக்குக் கீழே மீன் என்று பேச்சு கிளம்பியபோது, மூன்று நாள் அந்தி நேரத்தில் போய் மணலில் உட்கார்ந்துவிட்டு வந்தார். என் வீட்டுக்காரர் கூடப் போனார். திரும்பி வந்ததும் நான் அண்ணாவிடம், இல்லைதானே என்றேன். தலையை ஆட்டினார். நான் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல முடியும், இல்லை என்று சொல்ல நான் என்ன கடவுளா என்றார்.

இன்னொரு சமயம் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் கடற்கரையில் சுகமளிக்கும் கூட்டம் போட்டார். கக்கத்தில் ஊன்றியிருந்த கவைக்கோலைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு மனிதர் மேடையில் நடந்தார். கூட்டம் அழுதது. அண்ணா அந்த ஆளின் விலாசத்தை விசாரித்துக்கொண்டு நாலு நாள் கழித்துத் திருவான்மியூருக்குப் போனார். அந்த மனிதர் பழைய கவைக்கோலோடு பஸ் டெர்மினஸில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் டீ குடித்தார்கள். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அண்ணாவின் கண் கலங்கியிருந்தது. "ஒவ்வொரு தபாவும் ஆசையோடதான் தங்கச்சி போறேன். நெஜமா இருந்துடாதான்னு" என்றார். அப்போதுதான் எனக்கு அந்த மாவு டப்பாவின் அர்த்தம் புரிந்தது.

அவர் மனைவி ரெஜினா அக்கா இதற்கெல்லாம் சிரிப்பாள். மாவு விற்கிற விலையில் மரநாய்க்குக் கோலம் போடுகிறார் என்பாள். கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள். துணி துவைக்கும்போதுகூட மாதா பாட்டு கேட்கும். ஒரே மகள் ஸ்டெல்லா திருச்சியில் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டிலேயே டைப்ரைட்டர் வைத்துக் கல்லூரி மாணவர்களுக்கு ஆய்வேடு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பகலில் ஆண்கள் போன பிறகு அக்கா என் வீட்டுக்கு வருவாள், அல்லது நான் போவேன். எனக்கு அப்போது இந்த ஊரில் பேச வேறு யாருமில்லை.

தொண்ணூற்று நாலு டிசம்பரில், கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அக்கா சட்டென்று நிமிர்ந்து, ரப்பர் தீய்கிற நாற்றம் வருகிறதா என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் அவரிடம் சொல்லியிருக்கிறாள். ஒயர் தீய்கிறது என்று நினைத்து அவர் வீட்டிலிருந்த சுவிட்ச் பெட்டி அத்தனையையும் கழற்றிப் பார்த்தார். மறுபடி நாற்றம் வந்தது. மறுபடி கழற்றினார். பொங்கலுக்குள் அந்த வீட்டு ஒயரிங் முழுவதையும் புதிதாக மாற்றிவிட்டார். அப்புறமும் அக்காவுக்கு நாற்றம் வந்தது.

பிறகு அந்த ஆள் வந்தான்.

சமையலறை மூலையில், அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிறான் என்றாள். ஈரச் சட்டை. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. முகம் சரியாகத் தெரியவில்லை. பேசுவதில்லை. நாற்றம் வந்து சிறிது நேரத்தில் வருவான், போய்விடுவான்.

அண்ணா செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். லீவு போட்டுவிட்டு அந்த மூலைக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். டார்ச் அடித்தார், சுவரைத் தட்டினார், கூரையில் ஒழுகல் இருக்கிறதா என்று ஏணி போட்டு ஏறினார். கடைசியில் மாவு தூவினார். அவன் வந்து போனதாக அக்கா சொன்ன பிறகு அவளைக் கூட்டிப்போய் மாவைக் காட்டினார். தடம் ஏதுமில்லை.

"அங்க ஒண்ணும் இல்ல ரெஜினா" என்றார்.

குப்பத்துக் கடல் பெண்ணைக்கூட இல்லை என்று சொல்லத் துணியாதவர், மனைவியிடம் சொல்லிவிட்டார். தினமும் சொன்னார். அவள் பயத்தைப் போக்குவதற்காகத்தான் சொன்னார். அதன் பிறகு அக்கா அவரிடம் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். எல்லாம் என்னிடம் வந்தது. அவருக்கு என்னைப் பைத்தியம் என்று எண்ணம் என்பாள். காலையில் எழுந்ததும் குமட்டுகிறது என்பாள். தலைவலிக்கு நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் டைப்ரைட்டர் சத்தத்திலேயே சுருண்டு படுத்துக்கொள்வாள். இவையெல்லாம் எனக்குத் தெரியும். அவருக்குக்கூட அவ்வளவு தெரியாது.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் கை ஜில்லென்றிருந்தது. சமையலறை வாசலில் என்னை நிறுத்தி, மூலையைக் காட்டினாள். டிரம், துடைப்பம், மடித்துப் போட்ட கோணி. அவ்வளவுதான்.

"வசந்தா, நீயாச்சும் சொல்லு. நிக்கிறான்ல?"

அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னையும் இழந்துவிடப் போகிறோம் என்ற பயம் அந்தக் கண்ணில் இருந்தது.

"ஆமாக்கா" என்றேன். "ஈரச் சட்டை."

அக்கா அப்படியே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து அழுதாள். என் மடியில் தலை வைத்து இரண்டு மணி நேரம் தூங்கினாள். அந்த மாதத்திலேயே அவள் அப்படித் தூங்கியதில்லை. நான் நல்லது செய்துவிட்டதாக நினைத்தேன்.

சாயங்காலம் அண்ணா வந்தார். உள்ளே வரவில்லை, உட்காரவில்லை. வாசற்படிக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அவருக்குப் பின்னால் எதிர் வீட்டு வாசலில் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ பாத்தியா தங்கச்சி?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தேன் என்றேன். எங்கே என்றார். டிரம்முக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? உயரம் எவ்வளவு? சட்டை என்ன நிறம்? எத்தனை நேரம் நின்றான்? அக்கா எனக்குச் சொல்லியிருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னேன். எல்லாம் பொருந்தியது. எப்படிப் பொருந்தாமல் போகும்?

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "அவள இத்தினி நாளா நான் நம்பலியே" என்றார். எழுந்து போய் எல்லோரும் பார்க்க மனைவியின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் வேறு ஆளானார். மாவு டப்பாவை உள்ளே வைத்துவிட்டார். தவக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு வேளை மட்டும் சாப்பிட்டார். தினமும் ஆறு மணிக்கு அந்த மூலைக்கு எதிரில் இருவரும் முழங்கால் போட்டு ஜெபமாலை சொன்னார்கள். பங்குச் சாமியாரை அழைத்து வந்து வீட்டை மந்திரிக்கச் சொன்னார். இளம் வயதுச் சாமியார். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். புறப்படும்போது வாசலில் நின்று, எதற்கும் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள், தலைவலி என்கிறார்களே என்றார். நான் அங்கேதான் ஓரமாக நின்றிருந்தேன்.

அண்ணா என் பக்கம் கையைக் காட்டினார். "அவளுக்கு மட்டும் தெரிஞ்சா தலையில இன்னாவோ கோளாறுன்னு சொல்லலாம் ஃபாதர். இந்தத் தங்கச்சிக்கும் தெரியுது. ரெண்டு பேருக்குத் தெரியறது வியாதியா இருக்காது."

சாமியார் என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பொய்க்காரி என்று ஸ்டோர் முழுக்கத் தெரிந்துவிடுமே என்ற கூச்சம். அக்காவின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. அதைக் கலைக்க வேண்டாமே என்றும் ஒரு சாக்கு. தீர்த்தம் தெளித்த பிறகு பத்து நாள் அவன் வரவும் இல்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நம்பத் தொடங்கினேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று காலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அக்கா கீழே விழுந்தாள், வலிப்பில் கைகால் வெட்டி இழுத்தது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, வெளியே எழுதிக் கொடுத்து ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார்கள். ஸ்டெல்லா திருச்சியிலிருந்து ஓடி வந்தாள்.

ஈஸ்டர் கழிந்து இரண்டாம் நாள், பதினொரு மணி இருக்கும். நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணா வந்தார். முகத்தில் ஒரு வாரத் தாடி. கையில் பெரிய காக்கி உறை. படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். காதுக்கு மேலே ஓரிடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு வெள்ளையாக இருந்தது.

"கட்டி. நாத்தம் வர்றது, ஆளு தெரியறது எல்லாம் இதாலதானாம். டாக்டர் சொல்றாரு. டிசம்பர்லயே வந்திருந்தா எடுத்திருக்கலாமாம். இப்ப கஷ்டம்ங்கறாரு."

அவர் படத்தைக் கீழே இறக்கவில்லை. அதற்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"அவ பாத்தது இதுதான்னா, நீ பாத்தது இன்னா தங்கச்சி?"

கோபமே இல்லாத குரல். கிணற்றடியில் என்னை விசாரித்த அதே நிதானம். கணக்கு எங்கோ இடிக்கிறது, எங்கே என்று பார்க்க வந்திருந்தார். எனக்கும் கட்டி இருக்கிறதோ என்ற கவலைகூட அவர் கண்ணில் தெரிந்தது. நான் பொய் சொல்லியிருப்பேன் என்ற நினைப்பு மட்டும் அவருக்கு வரவில்லை.

"நான் ஒண்ணும் பாக்கலைண்ணா" என்றேன். "அக்கா கெஞ்சினா. அதான் சொன்னேன்."

படம் மெல்லக் கீழே இறங்கியது. அவர் அதை உறைக்குள் போட முயன்றார். ஓரம் மடங்கிக்கொண்டு உள்ளே போகவில்லை. எழுந்து போய் உறையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் சேர்ந்து அதை உள்ளே தள்ளினோம். நான் ஏதேதோ சொல்லி அழுதேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"நீ பாத்தேன்னு சொன்னப்ப அவ இன்னா பண்ணா?"

"மடியில படுத்துத் தூங்கினா."

சரி என்று தலையசைத்துவிட்டுப் போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். இரண்டு கன்னத்திலும் அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் தோமையார் சந்தேகப்பட்ட வாசகம் வாசிப்பார்களாம், வருஷா வருஷம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு அதுதானாம். அவருக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அந்த வருஷம் சாமியார் வாசிக்கத் தொடங்கியதும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார் என்று ஸ்டெல்லா சொன்னாள். பூசை முடிந்து பார்த்தபோது சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாராம்.

ஆபரேஷன் செய்தார்கள், முழுதாக எடுக்க முடியவில்லை. ஜூனில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். கட்டிலை முன்னறையில் போட்டார்கள். மொட்டைத் தலையில் அக்கா ஸ்டெல்லாவின் பள்ளிக்கூட ஸ்கார்ஃபைக் கட்டியிருந்தாள். நான் கஞ்சி கொண்டு போவேன். அண்ணா வாங்கிக்கொள்வார். டம்ளரைக் கழுவித் திருப்பித் தருவார். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை.

ஒரு பிற்பகல் கஞ்சியோடு வாசலில் நின்றபோது அக்காவின் குரல் கேட்டது. நாக்கு தடித்து, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"கட்டில்கிட்ட வந்துட்டான். நிக்கிறான்."

அண்ணா அவள் பார்த்த திசையில் திரும்பினார். சுவரோரம் காலி இடம். வாழ்க்கையில் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லாத மனிதர் அவர்.

"ஆமா ரெஜினா" என்றார். "நிக்கிறான்."

"சட்டை?"

"ஈரமாதான் கீது."

"பயமா இருக்கு."

"பயப்படாத. நல்லவன் மாதிரிதான் தெரியறான். பாவம், குளிருது போல. துண்டு குடுத்து அனுப்பிச்சுடறேன்."

கொடியிலிருந்து துண்டை உருவினார். சுவரோரம் போய், நிற்கிற ஆளுக்குக் கொடுப்பது போல நீட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார், எனக்குக் கேட்கவில்லை. கதவு வரை நடந்து வந்தார், யாரையோ வழியனுப்புகிறவர் போல. வாசலில் என்னைக் கண்டார். என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"போய்ட்டானா?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"போய்க்கினு கீறான்" என்றார், என்னைப் பார்க்காமல்.

அந்தச் சனிக்கிழமை அவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனதாக ஸ்டெல்லா வழியாகத் தெரிந்தது. பொய் சொன்ன பாவத்தை அறிக்கையிட அவருக்கு ஓர் இடம் இருந்தது.

அக்கா ஜூலையில் போனாள். கல்லறையில் மண் போடும்போது என் வீட்டுக்காரரும் பாயும் அவரை இருபக்கமும் பிடித்துக்கொண்டார்கள். நான் பெண்களோடு தள்ளி நின்றேன்.

அதன் பிறகு அவர் பேய் பார்க்க எங்கும் போகவில்லை. யாராவது வந்து கூப்பிட்டால், பார்த்தது யார், வயது என்ன, தலைவலி உண்டா என்று கேட்பார். டாக்டர் வீட்டுக்குக் கூடவே போவார். மாம்பலத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்கு வலிப்பு நோய் என்று அப்படித்தான் கண்டுபிடித்தார்கள், மருந்தில் குணமானது. என்னிடம் இதை அவர் சொல்லவில்லை. பாய் சொன்னார். என்னோடு அவர் பேசாமல் இருந்ததில்லை. மழை வருமா, தண்ணீர் லாரி வந்ததா, என் பையனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று எல்லாம் கேட்பார். ஆனால் நான் சொல்லும் பதிலை அவர் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வதைப் போகப் போகக் கண்டுகொண்டேன். லாரி வரவில்லை என்று நான் சொன்னால், சரிம்மா என்பார். பிறகு தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவருக்கே தெரிந்து செய்தாரா என்று எனக்குத் தெரியாது.

தொண்ணூற்றாறில் நாங்கள் திருவான்மியூருக்கு வீடு மாறினோம். தொண்ணூற்றொன்பதில் ஸ்டெல்லாவின் கல்யாணத்துக்கு அவரே நேரில் வந்து பத்திரிகை வைத்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பக்கத்து அறையில் பதிவேட்டில் கையெழுத்துப் போட எல்லோரும் கூடினோம். மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுச் சாட்சியாக அவர் சித்தப்பா போட்டார். பெண் வீட்டுச் சாட்சி யார் என்று சாமியார் கேட்டார். ஸ்டெல்லா முக்காட்டைச் சரிசெய்தபடி கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தாள்.

"வசந்தா ஆன்ட்டி போடட்டும் ஃபாதர். அம்மா இடத்துல அவங்கதான்."

சாமியார் பேனாவை நீட்டினார். நான் ஓர் அடி முன்னால் வந்துவிட்டேன். அண்ணா மேசையருகே நின்றிருந்தார். பேனாவின் மேல் தன் கையை வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார்.

"அவங்க வேணாம் ஃபாதர்" என்றார். "இவ அத்தை போடட்டும்."

ஏன்ப்பா என்றாள் ஸ்டெல்லா. அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவர் சொன்னதே இல்லை என்று அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. அத்தை முன்னால் வந்து கையெழுத்துப் போட்டாள். நான் பின்னால் நகர்ந்து சுவரோரம் நின்றுகொண்டேன்.

விருந்தில் எல்லோருக்கும் பிரியாணி. நான் சைவம். எனக்காகத் தனியாகச் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கும் செய்யச் சொல்லியிருந்தார். பரிமாறுகிறவர்களிடம் விடாமல் அவரே தட்டில் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். சூடாக இருக்கிறதா என்று கேட்டார். அத்தனை விருந்தாளிகளை விட்டுவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள்ளச் சொன்னார். தட்டை நீட்டினேன்.